பழைய ஆடையும் புதிய அளவும்

கல்லூரியிற் புதிதாகச் சேர்ந்த மாணாக்கர் முதல் வாரத்தில் அணிந்துவரும் ஆடைகளைச் சற்று ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அவற்றுள் ஒரு பகுதி அவர்கட்கென்று அளவெடுத்துத் தைத்தவையல்ல. தமையன் உடுத்த சட்டையைத் தம்பியும், சின்னம்மாள் உடுத்த ரவிக்கையை அக்காள் மகளும், பட்டணத்து மாமன் மகன் கொடுத்தனுப்பிய கால்சட்டையை அத்தை மகனும் உடுத்து வருகின்றனர். தோள்முனையில் நிற்கவேண்டிய தையல் புயத்தின் பாதிவரை வழிந்து தொங்கும். வார் போட்டு இறுக்கிய கால்சட்டை கோணிப்பையின் வாய்போற் சுருங்கி நிற்கும். இவ்வாறு வருவோர் அறிவில் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆயினும் வகுப்பில் எழுந்து நின்று விடை கூறுதற்கு மட்டும் நாணுவர். விடை தெரியாமையால் அன்று. எழுந்து நின்றாற் சட்டை தெரியும் என்பதனால். நாமும் அங்ஙனம் நாணியவருள் ஒருவராதலின், பிறர் உடுத்த ஆடையைத் தம் உடலுக்கு இசையத் திருத்திக்கொள்ளும் முறையைப் பற்றி ஈண்டுச் சில கூறத் துணிந்தோம். இது மனையியல் வகுப்புப் பெண்களுக்கு உரியதென்று ஆண் மாணாக்கர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஊசி பிடிக்கத் தெரியாமையால் நட்டப்படுவோரில் பெரும்பாலார் அவர்களே.

நாம் பிறந்தது அய்யலூரில். திண்டுக்கல்லுக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் தொட்டுச் செல்லும் சிற்றூர் அது. வியாழக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையாலும், தக்காளிச் சந்தையாலும், அவ்வழிச் செல்லும் வண்டியோட்டிகள் நின்று வணங்கிப் போகும் வண்டிக் கருப்பணசாமி கோயிலாலும் அவ்வூரைப் பலர் அறிந்திருப்பர். நம் தந்தையார் அங்கே தக்காளி மண்டியிற் கணக்கெழுதியவர். நாம் பள்ளி இறுதி வகுப்பிற் பயின்ற ஆண்டில் அவர் காலமானார். இறந்தாருடைய துணிமணிகளை வீட்டில் வைத்திராது பிறர்க்குக் கொடுத்துவிடுவது எம் பக்கத்து வழக்கம். அன்னையார் ஏனையவற்றைக் கொடுத்துவிட்டு, இரண்டு சட்டைகளை மட்டும் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். ஒன்று வெள்ளை, மற்றொன்று இளநீலம். நாம் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று அவ்விரண்டையும் எடுத்து நம் கையிற் கொடுத்தார். தந்தையார் அகன்ற மார்பினர். நாமோ அக்காலத்திற் கொடிக்கம்பு போன்ற தேகத்தினர்.

முதல் மாதத்திலேயே வெள்ளைச் சட்டையை நாமே சரி செய்வதென்று முடிவு கட்டினோம். விடுதித் தோழரிடம் கத்தரிக்கோல் இரவல் வாங்கி, வலப்புற விலாவில் நான்கு விரற்கிடைத் துணியை வெட்டி எறிந்துவிட்டு, கிடைத்த நூலாற் கையாலே தைத்தோம். அணிந்து பார்த்தபொழுது பொத்தான் வரிசை நேராக நில்லாமல் வலப்பக்கம் சாய்ந்து ஓடியது. கையை உயர்த்தவே அக்குளிற் படபடவென்று தையல் விட்டது. தையலோடு துணியும் விட்டது. விடுமுறைக்கு ஊர் சென்றபொழுது அன்னையார் அச்சட்டையை விரித்துப் பார்த்தார். கடிந்து ஒன்றும் கூறவில்லை. வெட்டிய துண்டு எங்கே என்று மட்டும் கேட்டார். அதனை நாம் விடுதிக் குப்பையில் எறிந்துவிட்டிருந்தோம்.

எஞ்சிய நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்திலிருந்த தையற்காரரிடம் சென்றோம். “அண்ணே, இதைச் சின்னதாக்கித் தரவேண்டும்” என்றோம். “யாருடைய சட்டை தம்பி?” என்றார். “அப்பாவுடையது.” அவர் அதனை உட்புறம் வெளியாகத் திருப்பி, தையல் தையலாக நெடுநேரம் தடவிப் பார்த்தார். “தோளில் அரை அங்குலந்தான் மிச்சம். இது உங்களுக்கு வந்துவிடும். பழைய துணியிலே கத்தரிக்கோல் கடைசியாகத்தான் வரணும், தம்பி. முதலில் பிளேடால் பிரிக்கணும், அப்புறம் நூலோட்டிப் பார்க்கணும். வெட்டினது திரும்ப வராது பாருங்கள்” என்றார். அவ்விடுமுறை முழுதும் பிற்பகற்பொழுதை அவர் கடைப் பலகையிலேயே போக்கினோம். இனிக் கூறப்போவனவற்றில் பெரும்பகுதி அவரிடம் கற்றது. சிற்சில நாமே பிற்காலத்திற் கெடுத்துக் கற்றவை.

நிற்க. பழைய ஆடை என்றவுடன் முகஞ்சுளிப்பார் உளர். நம் நாட்டிற் பிறந்த குழந்தையின் மேனியில் முதன்முதற் படும் துணி புதுத்துணியன்று. பலகாலம் துவைத்துத் துவைத்து மென்மையுற்ற பாட்டியின் பருத்திச் சேலையே குழந்தையை ஏந்துகின்றது. தூளியும் அதனாலேயே கட்டப்படுகின்றது. அவ்வாறே சிறுமியர்க்குப் பாவாடை தைக்குங்கால் அடியில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைத்து, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவதும் வீடுதோறும் கண்டதே. உடல் மாறுந்தோறும் உடையும் மாறவேண்டும் என்னும் அறிவு நம் அன்னையர்க்குப் புதிதன்று. ஆயத்த ஆடை மலிந்தபின் அவ்வறிவு நம்மிடையே தேய்ந்துபோயிற்று என்பது நம் அபிப்பிராயம். “கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்னும் பழமொழி தூய்மையைச் சொல்லி நின்றுவிட்டது. அளவைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. நாணம் உண்டாவது அவ்வாடையைப் பிறர் உடுத்தார் என்பதனால் அன்று; பிறர் உடலுக்கு வெட்டப்பட்டது என்பது பார்ப்பவர் கண்ணிற் படுவதனாலேயே.

இஃது ஏழை மாணாக்கர்க்கு மட்டும் நேர்ந்த சங்கடமும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 1941 ஜூன் 1 முதல் துணிக்குப் பங்கீடு ஏற்பட்டது. முதலாண்டில் ஆளொன்றுக்கு 66 கூப்பன்கள். ஆடவர் ஒருவரின் முழு உடுப்புக்கு, அதாவது கோட்டு, உட்கோட்டு, கால்சட்டை மூன்றுக்கும் சேர்த்து, 26 கூப்பன்கள் போய்விடும். செல்வரும் பழையதைப் பிரித்துத் தைக்கவேண்டிய நிலை வந்தது. 1943-ம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கமே ‘மேக் டூ அண்டு மெண்ட்’ என்ற சிறு நூலை வெளியிட்டு, கிழிந்ததைத் தைப்பதும் பழையதைப் புதுப்பிப்பதும் எப்படியென்று குடிகளுக்குக் கற்பித்தது. போர்முனைக்குச் சென்ற கணவரின் உடுப்பைப் பிரித்துத் தமக்குக் கோட்டும் பாவாடையுமாகத் தைத்துக்கொண்ட மனைவியர் பலர். 1949 மார்ச்சு மாதத்திலேதான் அப்பங்கீடு நீங்கியது. நம் நாட்டிலும் அதே 1943-ல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அக்காலத்தில் ஒரு வேட்டிக்கு வரிசையில் நின்றதைப் பாட்டனார் சொல்லக் கேட்டவர் நம்மிற் சிலர் இருத்தல் கூடும்.

இக்காலத்தில் பழந்துணி பல வழியாற் கைமாறுகின்றது. தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்க வருவோரை அறியாதார் இலர். வட இந்தியாவிலும் இத்தொழில் உண்டு. அங்ஙனம் திரட்டிய துணிகள் டில்லி ரகுபீர் நகரில் விடியுமுன் கூடும் சந்தையில் விற்கப்படுகின்றன. உடுத்தத் தகாத கம்பளித் துணிகள் பானிப்பட்டிற் கிழித்து நூலாக்கப்பட்டுப் போர்வையாகின்றன. திருப்பூர்க் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் எஞ்சியவையும் கழிக்கப்பட்டவையும் மலிவாகக் கிடைக்கும். இவை பிறர் உடுத்தவையல்ல. எனினும் மேனாட்டார் உடலளவுக்கு வெட்டப்பட்டவையாதலின் கை நீண்டும் தோள் அகன்றும் இருக்கும். நாம் கூறுவது அவற்றுக்கும் பொருந்தும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். பழைய ஆடையைத் தேர்ந்தெடுக்குங்கால் முதலில் நோக்கவேண்டியது நிறமும் அன்று, துணியின் தரமும் அன்று; தோளே. சட்டையோ கோட்டோ சுடிதார் மேலாடையோ, அதன் தோள்தையல் நம் தோளெலும்பின் முனையில் வந்து நின்றால், ஏனைய குறைகளை ஒருவாறு தீர்க்கலாம். அரை அங்குலம் வழிந்தாலும் தாழ்வில்லை. ஓரங்குலத்துக்கு மேல் வழியுமாயின் கையை முழுதும் பிரித்தெடுத்து, கைக்குழியைப் புதிதாக வெட்டி, மீண்டும் கையை ஏற்றவேண்டும். அது புதுச்சட்டை தைப்பதிலும் கடினமான வேலை, கூலியும் அவ்வாறே. தோள் குறுகியிருப்பின் அவ்வாடையை ஆசையோடு பார்த்துவிட்டு வைத்துவிடுதல் நன்று, அதற்கு மருந்தில்லை.

இரண்டாவது, ஆடையை உட்புறம் திருப்பிப் பார்த்தல். விலாத்தையலுக்கு உள்ளே மடித்து விட்டிருக்கும் துணி எவ்வளவு? ஆயத்த ஆடைகளில் அது கால் அங்குலமோ அரை அங்குலமோ இருக்கும். ஓரத்தை ஓவர்லாக் அடித்து மிச்சத்தை வெட்டிவிட்டிருப்பர். நம் ஊர்த் தையற்காரர் தைத்ததில் ஓரங்குலம் வரை இருத்தலும் உண்டு. பெரிய ஆடையைச் சிறிதாக்குதல் எப்பொழுதும் கூடும். சிறியதைப் பெரிதாக்குதல் அவ்வுள்துணி உள்ள அளவே கூடும். ஆகவே ஐயம் நேர்ந்தாற் பெரியதையே கொள்க. உள்துணி இருந்தாலும் வேறோர் இடையூறுண்டு. வெளியே இருந்த துணி வெயிலாலும் வெளுப்பாலும் நிறம் மங்கியிருக்கும். உள்ளே மறைந்திருந்தது பழைய நிறத்தோடேயே இருக்கும். பிரித்துவிட்டால் விலா நெடுகக் கருங்கோடு போட்டதுபோல் ஒரு பட்டை தெரியும். பழைய ஊசித்துளைகளும் வரிசையாகத் தெரியும். வெள்ளையில் இத்தொல்லை குறைவு. கருநீலத்திலும் கறுப்பிலும் மிகுதி.

மூன்றாவது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தல். அக்குள், முழங்கை, கால்சட்டையின் இருக்கைப் பகுதி இம்மூன்று இடங்களிலும் இழை தேய்ந்து வலைபோற் காணுமாயின், திருத்துவதற்குச் செலவிடும் பொழுது வீண். புதுத்தையலின் இழுப்பை அவ்விழை தாங்காது. நம் வெள்ளைச் சட்டை கிழிந்ததற்கு இதுவும் ஒரு காரணமென்று பின்னர் அறிந்தோம்.

வாங்கியதை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தித் தேய்த்தபின்னரே அளவெடுக்க வேண்டும். சுகாதாரம் கருதி மட்டும் அன்று; பருத்தி சுருங்கக்கூடியதாதலின், துவையாமற் பிடித்த தையல் துவைத்தபின் இறுகிப்போம். கம்பளிக்கும் பட்டுக்கும் வெந்நீர் ஆகாது.

அளவெடுப்பதிற் கணக்கு ஒன்றுண்டு. நம் மார்பின் சுற்றளவு 34 அங்குலம் என்று கொள்வோம். சட்டையைப் பொத்தானிட்டுத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்தால் 21 அங்குலம். ஆகச் சுற்றளவு 42. மூச்சு விடவும் கையை அசைக்கவும் உடலளவுக்கு மேல் 4 அங்குலமாவது தளர்ச்சி வேண்டும். எனவே 38 அங்குலம் இருக்கவேண்டிய சட்டையில் 4 அங்குலம் மிகுதி. இந்த நான்கையும் ஒரு பக்கத்தில் எடுத்தால் நாம் பட்ட பாடு படவேண்டும். இரு விலாக்களிலும் பாதிப்பாதியாக, அதாவது பக்கத்துக்கு 2 அங்குலம் எடுக்கவேண்டும். துணி அங்கே முன்பாகம் பின்பாகம் என இரண்டடுக்காக இருப்பதால், பழைய தையலிலிருந்து ஓரங்குலம் உள்ளே தள்ளிப் புதுத்தையல் ஓடினால் 2 அங்குலம் குறைந்துவிடும். இந்த ஓரங்குலம் இரண்டங்குலம் என்னும் மயக்கத்தில் எத்தனையோ நல்ல சட்டைகள் பாழாகியிருக்கின்றன. கணிதம் பயிலும் மாணாக்கரும் இதற்கு விலக்கல்லர்.

அடுத்தது கைக்குழி. விலாவில் உள்வாங்கிய தையல் அக்குளோடு நின்றுவிடலாகாது. அக்குளைக் கடந்து கையின் அடித்தையலோடு சென்று, சிறிது சிறிதாகக் குறைந்து, முழங்கையை அணுகும்போது பழைய தையலோடு கலந்துவிட வேண்டும். அன்றியும், கைக்குழியைக் கீழே ஆழப்படுத்தினால் கை எளிதில் அசையும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. குழி தாழத் தாழ, கையை உயர்த்தும்போது சட்டை முழுதும் உடன் எழும்பும். இடுப்புச் செருகல் வெளியே வரும். அக்குளுக்கு அண்மையில் நிற்கும் குழியே கைக்கு விடுதலை தருவது.

தையலைப் பிரித்தபின் எந்திரத்திற் கொடுக்குமுன், வேறு நிற நூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டி, அணிந்து பார்க்கவேண்டும். நிற்பதோடு அமையாது, உட்கார்ந்து, கையை நீட்டி, குனிந்து பார்க்கவேண்டும். ஆடையை உட்புறம் வெளியாக அணிந்துகொண்டு குண்டூசி குத்துவது எளிதாயினும் அதிலோர் ஏமாற்றம் உண்டு. மாந்தர் பலர்க்கு ஒரு தோள் மற்றொன்றினும் சற்றுத் தாழ்ந்திருக்கும். உட்புறம் திருப்பியபோது இடம் வலமாகிவிடுவதால், தாழ்ந்த தோளுக்குச் செய்தது உயர்ந்த தோளுக்குப் போய்ச் சேரும். ஆகவே குண்டூசியை வெளிப்புறத்திலேயே குத்தி, சாக்குக்கட்டியாற் குறியிட்டுக் கொள்க. இறுதித் தையலுக்கு எந்திரம் இல்லையாயினும் கையாற் போடும் பின்தையல் போதும். ஆண்டுக்கணக்கில் அது நிற்கும்.

சட்டையின் காலரைப் பற்றித் தனியே கூறவேண்டும். உடல் முழுதும் நன்றாயிருக்க, மடிப்பின் விளிம்பு மட்டும் கழுத்தில் உராய்ந்து நைந்துபோன சட்டைகள் பல. முகத்துக்கு அண்மையில் உள்ளதாதலின் காண்பார் கண் முதலில் அங்கேதான் செல்லும். பழைய தையற்காரர் இதற்குக் காலரைத் திருப்பிப் போடுவர். கழுத்துப்பட்டையோடு காலர் சேரும் தையலை மட்டும் பிளேடாற் பிரித்து, காலரைத் தனியே எடுத்து, மேற்புறம் கீழாகத் திருப்பி, மீண்டும் அப்பட்டைக்குள் செருகித் தைத்துவிடுவர். நைந்த விளிம்பு அடியில் மறைந்துபோம். இதுகாறும் மறைந்திருந்த புதுமுகம் மேலே வரும். காலரின் நடுவையும் பட்டையின் நடுவையும் முன்னரே குறித்துக்கொள்ளாவிடின் ஒரு முனை நீண்டுவிடும். அடிப்புறத்தில் குச்சி செருகும் துளையுள்ள காலரையும், முனையிற் பொத்தான் காஜா உள்ள காலரையும் இவ்வாறு திருப்ப இயலாது. அய்யலூர்க் கடையில் நாம் முதன்முதற் சொந்தமாகச் செய்து முடித்த வேலை இதுவே. நம் நீலச் சட்டைக்கு அன்று புதுக்கழுத்துக் கிடைத்த மகிழ்ச்சி பின்னர்ப் பட்டம் பெற்ற அன்றும் நமக்கு உண்டாகவில்லை என்றாற் சிலர் நகைப்பர்.

கால்சட்டையில் இடுப்பைக் குறைக்கும் இடம் பின்புற நடுத்தையல். தையற்காரர் தைத்ததாயின் அங்கே உள்துணி மிகுதியாக விட்டிருப்பர்; குறைக்கவும் கூட்டவும் கூடும். இரண்டு அங்குலத்துக்கு மேற் குறைத்தால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, இருவர் காதோடு காது பேசுவதுபோல் நிற்கும். காலின் அகலத்தைக் குறைக்குங்கால் உள்தையல் வெளித்தையல் இரண்டிலும் சமமாக எடுக்கவேண்டும். ஒன்றில் மட்டும் எடுத்தால் நடக்க நடக்கக் கால் திருகும்.

சேலையைப் பொறுத்தவரை பெண்பாலார் பாக்கியவதிகள். அஃது எவர் உடலுக்கும் வெட்டப்பட்டதன்று. அத்தையின் சேலை அப்படியே மருமகளுக்கு இசையும். இடர்ப்பாடெல்லாம் ரவிக்கையில். எனினும் நம் நாட்டு ரவிக்கையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. விலாப்புறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று தையல் ஓட்டியிருப்பர். உடல் பெருக்குந்தோறும் உட்தையலாக ஒவ்வொன்றையும் பிரித்துக்கொள்ளலாம். ஆயத்த ஆடைகளில் இத்தகைய முன்யோசனையை நாம் கண்டதில்லை. ரவிக்கை மார்பிற் சரியாகவும் இடுப்பிற் தளர்வாகவும் இருப்பின், விலாவைத் தொடாமல் ‘டாட்’ என்று தையற்காரர் கூறும் கூர்மடிப்பைச் சற்று ஆழமாக்கினாற் போதும். கை இறுகினால், அக்குளில் அதே நிறத் துணியால் ஒரு சிறு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைப்பது பழைய உபாயம். கையை இறக்கியிருக்கும்பொழுது அது தெரியாது.

பழைய சேலையைச் சுடிதாராக்குவோர்க்கு ஒரு சொல். சின்னாளபட்டிச் சேலையாயினும் வேறாயினும், அடிக்கரை குதிகாலில் உராய்ந்து முதலில் நைவது இயல்பு. இடுப்பில் முதலிற் செருகும் உட்தலைப்பு நிறம் கெடாது புதிதுபோல் இருக்கும். ஆகவே மேலாடையை உட்தலைப்புப் பக்கத்திலிருந்து வெட்டுக. பாவு இழை உடலின் நெடுக்கே வரவேண்டும். துணி போதவில்லை என்று குறுக்கே திருப்பி வெட்டினால் இரண்டு சலவைக்குள் ஆடை கோணிக்கொள்ளும்.

கோட்டைப் பற்றி நேர்முகத் தேர்வுக் காலத்தில் பலர் நம்மிடம் கேட்பதுண்டு. ஒரு விடுதியில் ஒரே கோட்டை நால்வர் முறைவைத்து அணிந்து சென்றதையும் கண்டிருக்கின்றோம்; அந்நால்வரில் ஒருவருக்கேனும் அது பொருந்தியதாக நினைவில்லை. கோட்டின் தோளுக்குள் பஞ்சுத்திண்டும் கேன்வாசும் அமைந்திருப்பதால் அதனைத் தொடலாகாது. பைகளும் காஜாக்களும் இடம் பெயராதனவாதலின் நீளத்தையும் மிகக் குறைக்க இயலாது. விலாவையும் முதுகுத் தையலையும் உள்வாங்கலாம். கையின் நீளத்தை, முனையிற் காஜா வெட்டப்படாதிருப்பின், குறைக்கலாம். கோட்டின் கைக்குக் கீழே சட்டையின் கை அரை அங்குலம் தெரியும்படி நிற்பது அழகு.

அழகு என்ற சொல் வந்துவிட்டதாதலின் உருவப் பொருத்தத்தையும் பேசிவிடுவோம். மெலிந்தவர் தம் மெலிவை மறைக்கப் பெரிய ஆடையைத் தேடுகின்றனர். அது பந்தற்காலிற் போர்வை போர்த்ததுபோல் மெலிவையே காட்டிக்கொடுக்கும். பருத்தவர் தளர்ந்த ஆடையில் ஒளிகின்றனர். அது அவர்களை இன்னும் பருமனாக்கும். இருவர்க்கும் விதி ஒன்றே: தோளில் ஒட்டி நிற்கவேண்டும், அங்கிருந்து தடையின்றி வீழவேண்டும். ஆடையின் எந்த விளிம்பும் உடலின் அகன்ற இடத்தில் வந்து முடியலாகாது. அரைக்கை புயத்தின் பருத்த பகுதியில் முடிந்தால் புயம் பருத்துக் காணும்; ஒரு விரற்கிடை ஏற்றினாலோ இறக்கினாலோ அக்குற்றம் நீங்கும். மேலாடையின் அடிவிளிம்பு இடுப்பெலும்பின் அகன்ற இடத்தில் முடிந்தாலும் அவ்வாறே. குட்டையானவர் நீண்ட சட்டை அணிந்தாற் கால் இன்னும் குட்டையாய்க் காணும். சட்டையின் அடியை இரண்டங்குலம் மடித்துத் தைப்பதால் அவர் உயரம் கூடினாற்போலத் தோன்றும். இவையனைத்திலும் மாற்றவேண்டியது ஆடையையே. உடலைப் பழிக்கும் தையற்காரரிடம் இரண்டாம் முறை செல்ல வேண்டா.

அத்தகைய திருத்து வேலைக்கு மனமுவந்து இடங்கொடுக்கும் தையற்காரர் இப்பொழுது குறைவு. புதுத்துணி தைப்பதிலும் பழையதைப் பிரிப்பதற்கு நேரம் மிகுதி, வருவாய் குறைவு. மதுரையில் திருமலை நாயக்கர் கட்டுவித்த புதுமண்டபத்தின் தூண்களுக்கிடையே நெடுங்காலம் தையற்காரர் வரிசையாக எந்திரம் போட்டு அமர்ந்திருந்தனர். அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டன. திண்டுக்கல் பக்கத்து மாணாக்கர்க்கு அவ்வளவு தூரம் செல்லவேண்டிய அவசியம் இல்லை. பெரிய கடைகளை விடுத்து, தெருமூலையில் ஓர் எந்திரத்தோடு அமர்ந்திருப்பவரைத் தேடுக. செல்லுமுன் தையலை நாமே பிரித்து, குண்டூசி குத்தி, குறியிட்டுக் கொண்டுசென்றால் அவர் முகம் மலரும், கூலியும் குறையும்.

நம் நீலச் சட்டையைத் தைத்தவர் உள்வாங்கிய துணியை வெட்டவில்லை. “இருக்கட்டும் தம்பி, உடம்பு இப்படியேவா இருக்கும்?” என்று உள்ளே மடித்துத் தைத்துவிட்டார். அவ்வாறே உடம்பு இப்படியே இருக்கவில்லை. வேலையில் அமர்ந்து சில ஆண்டுகள் கழிந்தபின் சட்டை இறுகிற்று. ஊருக்குச் சென்றிருந்தபொழுது அன்னையாரின் முன்பு அமர்ந்து விலாத்தையலைப் பிரித்தோம். முன்னர்க் கூறியபடியே இருபுறமும் ஓரங்குல அகலத்துக்கு ஒரு பட்டை தெரிந்தது. ஏனைய துணி வெளுத்திருக்க, அது மட்டும் நல்ல நீலமாயிருந்தது. அன்னையார் அதனை விரலால் தடவிப் பார்த்து, “உங்க அப்பா போட்டுக்கிட்டுத் திரியும்போது சட்டை பூரா இந்த நிறந்தான்” என்றார். அச்சட்டையை இன்றும் உடுத்துகின்றோம். கையை இறக்கியிருந்தால் அப்பட்டை தெரிவதில்லை. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தும்பொழுது மட்டும் முன்வரிசை மாணாக்கர்க்குத் தெரியும்.